வெள்ளிக்கிழமை இறைப்பு

அச்சுவேலியில் எங்கள் தோட்டத்துக்கு வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமையும் தண்ணீர் வரும். கிணறு நாலு பங்காளருக்குப் பொது. ஒவ்வொருவருக்கும் இறைப்பு முறை இருந்தது. மற்றவரின் முறையில் கை வைத்தால் வெட்டுக்குத்து. கிணறு கிழக்கே இருந்தது. அதை ஒட்டி அண்ணையின் காணி. அதற்கும் மேற்கே, கடைசியாக, என் காணி. ஒரே தோட்டமாகச் செய்ததைத்தான் ஐயா இரண்டாகப் பிரித்து, கிணற்றோடு ஒட்டிய பாதியை மகனுக்கும் மற்றப் பாதியை எனக்குச் சீதனமாகவும் எழுதினார். எனக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் அண்ணையின் காணிக்குள்ளால், வடக்கு எல்லை ஓரமாக வரும். காணி உறுதி எழுதிய நொத்தாரிசு அதையும் ஒரு வரியாகச் சேர்த்து எழுதியிருந்தார்.

அந்த வாய்க்காலால் தண்ணீர் வந்தால் என் காணி வெங்காயத் தோட்டம். வராவிட்டால் வெறும் செம்பாட்டு மண். இதை முதலே சொல்லிவிடுகிறேன்; இல்லாவிட்டால் ஒரு வாய்க்காலுக்காக இவள் ஏன் இப்படிச் சன்னதமாடினாள் என்று கேட்பீர்கள்.

இறைப்பு நாளில் விடியவே போய்விடுவோம். இவர் தண்ணீர் இறைக்கிற மிசினைப் பூட்டி இயக்குவார். என் கணவரைத்தான் சொல்கிறேன். அவர் அதிகம் கதைக்காத மனிதர். நான் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவேன். ஒரு பாத்தி நிரம்பியதும் அதன் வாயை மண்ணால் அடைத்து அடுத்ததன் வாயை வெட்டிவிட வேண்டும். மிசின் சத்தத்தில் ஒருவரோடொருவர் கதைக்க முடியாது என்பதால் நான் கத்துவேன். "உன்ரை வாய்க்கு ஒரு வாளித் தண்ணி கூட வரும்போலை கிடக்கு. மண்ணெண்ணெய் மிச்சம்" என்று இவர் சிரிப்பார்.

எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம் ஒரு பின்னேரம் அண்ணை வீட்டுக்கு வந்தார். காணி விற்பதென்றால் பங்காளியையும் பக்கத்துக் காணிக்காரரையும் கேட்டுவிட்டுத்தான் விற்க வேண்டும். அது எங்கள் ஊர்ச் சட்டம். கேட்காமல் விற்றால் வழக்கு வைக்கலாம், வைத்தும் இருக்கிறார்கள். அதனால் அவர் முறைப்படி வந்து கதிரையில் இருந்தார். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"காணியைக் குடுக்கப்போறன், பிள்ளை. நீங்கள் எடுக்கிறியளோ எண்டு கேக்க வந்தனான்."

"எங்களிட்டை என்ன கிடக்கு எடுக்க? மூத்தவளின்ரை கலியாணம் முடிஞ்சு வருசம் திரும்பேல்லை."

"தெரியும். எண்டாலும் கேக்க வேணுமெல்லே."

"அப்ப விக்காதேங்கோ."

"பெடியனை இஞ்சை வைச்சிருக்கச் சொல்லுறியோ?"

அந்த வருடங்களில் ஆமி ரவுண்டப் என்று வந்தால் மீசை அரும்பிய பெடியன்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனது. அண்ணைக்கு ஒரே மகன். அவனை ஜேர்மனிக்கு அனுப்ப ஏஜென்சிக்காரன் கேட்டதைக் கட்ட அந்தக் காணியை விட்டால் அவருக்கும் வேறு வழி இல்லை. எனக்கு இரண்டும் பெட்டைகள். அவருடைய பயம் எனக்கு விளங்கியது. விளங்கியும் கேட்டேன்.

"ஆருக்குக் குடுக்கிறியள்?"

"கொழும்பாலை வந்த ஆக்களுக்கு. வீடு கட்டப்போகினம்."

"வீடோ! வெங்காயம் விளையிற மண்ணிலை வீடோ! என்ன கோதாரிக் கதை கதைக்கிறியள் அண்ணை?"

"வாய்க்கால் உறுதியிலை கிடக்கு. ஒருத்தரும் தொடேலாது."

அவர் இன்னும் வாய் வைக்காத தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் வாழையடியில் ஊற்றினேன். அவர் எழும்பிப் படலையைச் சாத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்களுக்குள் கதை பேச்சு இல்லை. அவர் குடும்பத்தோடு கரவெட்டிக்கு, மனைவியின் வளவுக்குப் போய்விட்டார். ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வந்தால் அவர் வடக்கு வீதியில் நிற்பார். நான் தெற்கு வீதியில் நிற்பேன்.

காணியை வாங்கியவர்கள் கொழும்பில் ஒரு வங்கியில் வேலை செய்தவரும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த அவர் மனைவியும். ஊரில் அந்த அம்மாவை ரீச்சர் என்றுதான் சொல்வார்கள். உடுத்த உடுப்போடு கப்பலில் வந்திறங்கி, ஒரு வருடத்துக்கு மேல் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள். எனக்கு அவர்கள் மேல் ஒரு கோபமும் இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் முதல்நாள் ரீச்சர் காணி பார்க்க வந்து, வெங்காயம் கிண்டி எடுத்த மண்ணில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்ததைப் பார்த்தபோது கொஞ்சம் மனம் இளகியது.

அந்த ஒழுங்கையில் அதுதான் முதல் வீடு. மற்ற இரண்டு பங்காளரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தோட்டம் என்று விற்றால் கிடைப்பதும் வீட்டுக்காணி என்று விற்றால் கிடைப்பதும் எங்கே! அடுத்தடுத்த வருடங்களில் அவர்களும் விற்றார்கள். ஒன்றில் சுவிஸ் காசில் ஒரு மாடிவீடு எழும்பியது. மற்றதில் கொட்டில் போட்டு ரியூசன் தொடங்கினார்கள். வண்டில் போன ஒழுங்கைக்குக் கல் பரவினார்கள். மின்சாரக் கம்பம் வந்தது. முடக்கில் ஒரு கடை முளைத்து, அதில் பாணும் சவர்க்காரமும் முற்றம் கூட்டுகிற ஈர்க்கில் கட்டும் விற்றார்கள். ஈர்க்கில் கட்டைக் காசு கொடுத்து வாங்குகிற ஆட்களும் எங்கள் ஒழுங்கைக்கு வந்துவிட்டார்கள் என்று நான் சிரித்தேன். பின்னேரங்களில் சைக்கிளில் வருகிற ரியூசன் பிள்ளைகள் சைக்கிளை என் வேலியில் நட்ட கதிகாலில் சாத்திச் சாத்தி அதை முறித்தார்கள். கேட்டால் "சொறி அன்ரி" என்றார்கள். அன்ரியாம்.

இது பிறகு நடந்தது. முதலில் ரீச்சர் வீட்டுக் கதை.

வங்கிக்காரர் நேர்மையான மனிதர். அதை நான் எங்கேயும் சொல்வேன். அத்திவாரம் வெட்டுவதற்கு முதல் உறுதியைக் கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் இருந்து வரிவரியாக வாசித்தார். வாய்க்கால் எந்த எல்லையால், எத்தனை முழ அகலத்தில், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இவரும் அவரும் மேசனும் நூல் பிடித்து அளந்தார்கள். நாங்கள் யாழ்ப்பாணத்தார், வேலியைக் கறையான் அரித்து ஒரு சாண் சரிந்தால் மூன்று தலைமுறைக்கு வழக்காடுகிற ஆட்கள். காணி விசயத்தில் ஒருவரும் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மண் வாய்க்காலுக்குப் பதிலாக வடிவாய்ச் சீமெந்து வாய்க்கால் கட்டினார்கள். மதில் எழுப்பியபோது கிணற்றுப் பக்கம் ஒரு ஓட்டையும் என் காணிப் பக்கம் ஒரு ஓட்டையும் விட்டார்கள். ஓட்டைக்கு மேல் சின்னதாய் ஒரு வளைவும் வைத்துப் பூசியிருந்தார்கள், கோயில் வாசல் மாதிரி.

மதில் கட்டி முடியும்வரை பாத்தியில் பயிர் இல்லை, நானும் காத்திருந்தேன். முடிந்ததும் வெங்காயம் நட்டேன். முதல் சில இறைப்புக்குத் தண்ணீர் ஓடி வந்தது. ரீச்சரிடம் "நல்லாய்க் கட்டியிருக்கிறியள்" என்று வாயால் சொன்னேன்.

பிறகுதான் வளவுக்கு மண் போட்டார்கள். அண்ணையின் காணி கொஞ்சம் பள்ளம். மாரியில் தண்ணீர் நிற்கும். வீட்டுக்காரர் முற்றத்தில் தண்ணீர் நிற்க விடுவார்களா? புது வீட்டுக் குடிபூரலுக்கு ஒரு கிழமை இருக்க, எங்கள் இறைப்பு முடிந்த கையோடு, ரக்ரர் ரக்ரராகக் கல்லும் மண்ணும் வந்து ஒரு முழ உயரத்துக்கு நிரவினார்கள். வாய்க்கால் புதைந்துபோகும் என்று மேசன் அதையும் உடைத்து, மேலே உயர்த்தி, அதே இடத்தில், அதே அகலத்தில், முந்தியதைவிட வடிவாய்க் கட்டினார். மதிலின் ஓட்டைகளையும் உயர்த்தினார். உறுதியில் இருந்த ஒரு சொல்லும் பிசகவில்லை.

அடுத்த திங்கட்கிழமை இவர் மிசினை இயக்கினார். நான் மண்வெட்டியோடு பாத்தியில் நிற்கிறேன். தண்ணீர் வரவில்லை. மிசின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. ஓடிப்போய் மதிலால் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் வாய்க்காலின் பாதி மட்டும் வந்து நின்று, கரையால் வழிந்து, ரீச்சர் புதிதாக நட்ட ரோசாக் கன்றுகளுக்குள் பரவிக்கொண்டிருந்தது. மிசின் தண்ணீர் விழுகிற கிணற்றடித் தொட்டியைவிட முற்றம் உயர்ந்துவிட்டது. தண்ணீர் உறுதி வாசித்துவிட்டா ஓடும்? எல்லையை அளந்தவர்கள் ஒருவரும் தண்ணீர் ஓடுகிற வாட்டத்தை அளக்கவில்லை. வங்கிக்காரரும் அளக்கவில்லை, மேசனும் அளக்கவில்லை, பிறந்ததிலிருந்து தண்ணீர் மாறிய நாங்கள் இரண்டு பேரும் அளக்கவில்லை. வாய்க்கால் வடிவாய் இருக்கிறதா என்றுதான் எல்லாரும் பார்த்தோம்.

அப்போது வெங்காயம் காய் பிடிக்கிற பருவம். அந்த நேரம் இரண்டு இறைப்புத் தவறினால் தாள் படுத்துவிடும்; பிறகு கிண்டி எடுத்தால் ஈர்க்கிலுக்கு இருக்கிற தடிப்புத்தான் வெங்காயத்துக்கும் இருக்கும். அந்த வருடம் எங்கள் வீட்டு அடுப்பு எரிவது முழுக்க அந்த வெங்காயத்தில்தான் இருந்தது. இவர் போய் வங்கிக்காரரோடு கதைத்தார்.

"வெள்ளிக்கிழமை குடிபூரல். அது முடியட்டும், சனிக்கிழமை மேசனைக் கூப்பிட்டு ஒரு வழி பார்ப்பம்" என்றாராம்.

"வெள்ளிக்கிழமை எங்கடை முறையெல்லோ" என்று நான் கத்தினேன்.

"ஒரு கிழமை பொறுத்தால் என்ன?" என்றார் இவர்.

"நீங்களும் நானும் பொறுப்பம். வெங்காயம் பொறுக்குமோ? அதிட்டைப் போய்க் கதைச்சுப் பாருங்கோ."

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் முறைக்காரரைக் கேட்டு வாளியில் சுமந்து ஊற்றினோம். ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை. வெள்ளிக்கிழமை விடியக்காலையில் நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ரீச்சர் வீட்டுப் படலையால் உள்ளே போனேன். வாழை கட்டி, பந்தல் போட்டு, முற்றம் முழுக்க வெள்ளை மணல் பரவியிருந்தார்கள். நிறைகுடம் வைக்கிற மேசைக்கு ஒருவர் சீலை விரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்டறியாத சீமெந்து வாய்க்காலுக்குப் பக்கத்தில், வெள்ளை மணலைக் கிழித்து, பழைய மண் மட்டத்துக்குப் போகும்வரை வெட்டத் தொடங்கினேன்.

வங்கிக்காரர் ஓடிவந்தார். "உங்களுக்கென்ன விசரே? இண்டைக்கு என்ன நாளெண்டு தெரியாதோ?"

"தெரியும். வெள்ளிக்கிழமை."

பிறகு ரீச்சர் வந்தா. கூறைப்பட்டு உடுத்து, தலையில் பூவோடு நின்றா. வெட்டின பள்ளத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. மெல்லிய குரலில் கதைக்கிற மனிசி அன்றைக்குக் குரல் உடைந்து கத்தினா.

"அங்கை அடிச்சுத் துரத்தினாங்கள். சொந்தக்கார வீட்டிலை முகத்தைச் சுளிச்சுத் துரத்திச்சினம். இஞ்சையும் ஒரு நாள் நிம்மதியா இருக்க விடமாட்டியளோ? நாங்கள் இனி எங்கை போறது? சொல்லுங்கோ, எங்கை போறது?"

நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன். எனக்கு வந்தது கோபமா வெட்கமா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

"ரீச்சர், நான் உங்களைப் போகச் சொல்லேல்லை. தண்ணியை வரச் சொல்லுறன். உது வராட்டில் நாங்களும் எங்கையாவது போகத்தான் வேணும்."

நிறைகுடக்காரர் மாவிலையைக் கையில் பிடித்தபடி நின்றார். நல்லநேரத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. ரீச்சர் மூக்கை உறிஞ்சி, கூறையின் தலைப்பை இடுப்பில் செருகினா.

"அப்ப கெதியா வெட்டுங்கோ. ஆக்கள் வரப்போகினம்" என்றா. பிறகு மனிசனைப் பார்த்து, "நிண்டு பாத்துக்கொண்டிராமல் மேசன் விட்ட பலகையைக் கொண்டுவாங்கோ" என்றா.

மதிலின் கீழே இரண்டு பக்கமும், எனக்குப் பின்னால் வந்த இவர் அலவாங்கால் குத்தி உடைத்தார். பள்ளத்துக்கு மேல் பலகை போட்டார்கள். மிசின் இயங்கியது. அன்றைக்குப் பட்டுச்சேலையும் வேட்டியுமாய் வந்த சனம் எல்லாம் பலகையில் கால் வைத்து, என் வெங்காயத்துக்குப் போகிற தண்ணீரைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போனது. வந்த கிழவி ஒன்று "குடிபூரலண்டு தண்ணி ஓடுறது நல்ல சகுனம் பிள்ளை" என்று ரீச்சருக்குச் சொல்லிவிட்டுப் போனது. உள்ளே பால் பொங்கிய சத்தத்துக்கு எல்லாரும் கூடியபோது நான் மூன்றாவது பாத்தியில் நின்றேன். மத்தியானம் ரீச்சரின் மகள் வாழையிலையில் கட்டிய சோறு கொண்டுவந்து தந்தாள்.

பிறகு அந்தப் பள்ளத்தையே கல்லால் கட்டி மேலே கொங்கிறீற் மூடி போட்டார்கள். வெள்ளியும் திங்களும் ரீச்சர் வீட்டு முற்றத்துக்குக் கீழே என் தண்ணீர் ஓடியது. ரீச்சர் ஒரு மூடியைக் கிளப்பிவைத்து அதில் கால் கழுவுவா. நான் ஒன்றும் சொல்வதில்லை. அண்ணை என்னைக் கைவிட்டாலும் நான் விடவில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மற்றப் பங்காளர் விற்று, அவர்களின் முறைகளில் ஒருவரும் இறைக்காமல் கிணறு நிரம்பிக் கிடந்த காலத்திலும் எங்கள் இரண்டு நாளும் தவறவில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காத மாதங்களில் இவர் எங்கேயோ தேடிப் போத்திலில் கொண்டுவருவார். அந்த ஒழுங்கையில் கடைசியில் பச்சை என்று இருந்தது என் காணி மட்டும்தான்.

இந்தியன் ஆமி நின்ற காலத்தில் இளையவளுக்குச் சம்பந்தம் பொருந்தியது. நல்ல பெடியன், அரசாங்க உத்தியோகம். அவனுடைய தாய் வந்து எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த வீடு மூத்தவவுக்கு எழுதியாச்செல்லோ? அப்ப இவவுக்கு?" என்று கேட்டா.

"தோட்டம் கிடக்கு. நல்ல செம்பாடு. தண்ணி வசதி" என்றேன். சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"தோட்டத்திலை எப்பிடி மாப்பிள்ளை பொம்பிளை இருக்கிறது? அதிலை ஒரு வீட்டைக் கட்டிக் குடுங்கோ. இப்ப அந்தப் பக்கம் எல்லாம் வீடுதானே. நல்ல இடம்."

என் வாய் அடைத்துப்போனது. இவர் என்னைப் பார்த்தார். நான் கத்துவேன் என்று நினைத்திருப்பார். உள்ளே போனேன். இளையவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். கழுத்துச் சங்கிலியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் திரும்பி வந்து, "கட்டுவம்" என்றேன்.

வீட்டுக்கு அத்திவாரம் வெட்டத் தாய்மாமன் வேண்டும், கலியாணத்துக்கும் வேண்டும். ஐந்து வருடத்துக்குப் பிறகு பஸ்ஸில் கரவெட்டிக்குப் போனேன். ஆமிச் சென்றிகளில் இறக்கிச் சோதித்து ஏற்றி, போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அண்ணை மெலிந்து, முன் தலைமயிர் கொட்டி இருந்தார். சுவரில் மகன் பனிக்குள் நிற்கிற படம். மச்சாள் தேத்தண்ணீர் கொண்டுவந்தா.

"குடி. நான் வாழைக்கு ஊத்தமாட்டன்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. காணியில் வீடு கட்டப்போகிறோம் என்று சொன்னேன். அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைச் சுழற்றிக்கொண்டு இருந்தார். "வாறன்" என்று மட்டும் சொன்னார். நான் எதிர்பார்த்துப் போன ஏச்சு ஒன்றும் வரவில்லை. ஏசியிருந்தால் நானும் இரண்டு கதை கதைத்திருப்பேன்.

வேலை தொடங்க நல்ல நாள் பார்த்தபோது அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான் வாய்த்தது. கடைசி வெங்காயத்தைக் கிண்டி, மிசினைச் சாக்கால் சுற்றி மூத்தவள் வீட்டில் வைத்தாயிற்று. ரீச்சர் பூத்தட்டோடு வந்தா. "இனி எங்களுக்கும் பக்கத்திலை ஒரு துணை" என்று சந்தோசப்பட்டா. கொஞ்சம் பொறுத்து, "அப்ப இனி வாய்க்காலாலை தண்ணி வராதோ?" என்று கேட்டா. அவ அதைக் கவலையாகத்தான் கேட்டா என்பது எனக்கு விளங்கியது.

ஈசான மூலையில் மேசன் குற்றி அடித்துக் கயிறு கட்டியிருந்தார். அங்கேதான் முதல் வெட்டு. மதிலின் ஓட்டைக்குள்ளால் வாய்க்கால் என் காணிக்குள் நுழைகிற இடமும் அதுதான். அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் மண்வெட்டியை வாங்கினார்.

மேசன் குனிந்து பார்த்தார். "அம்மா, முதல்லை உந்த வாயை அடைக்கோணும். இல்லாட்டில் அங்காலை கழுவுற தண்ணியெல்லாம் அத்திவாரத்துக்கை வந்திடும்."

அண்ணை ஓட்டையைப் பார்த்தார். ஐயாவுக்குப் பின்னால் தானும் தண்ணீர் மாறிய வாய்க்கால் அல்லவா? என் பக்கம் திரும்பி, "வெள்ளிக்கிழமை முறையை ஆருக்குக் குடுத்தனி?" என்று கேட்டார்.

"கேக்க ஆளில்லை, அண்ணை."

அவர் மண்வெட்டியை என்னிடம் நீட்டினார். "அப்ப நீ அடை. எனக்கு ஏலாது."

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், நல்லநேரம் போய்க்கொண்டிருந்தது. பாத்தி வாயை அடைக்கிற மாதிரியே காலால் மண்ணை மிதித்து மிதித்து அடைத்தேன். நாலைந்து வெட்டு மண்ணே போதுமாக இருந்தது.